விஞ்ஞானி தின்ன மறுத்த மிளகாய்!

இராத்திரிச் சாப்பாட்டில் மனைவி மிளகாய் வைத்தார். கணவருக்கு அதைத் தின்ன மனம் இல்லை. வேண்டாம் என்று சொல்லவோ தைரியம் இல்லை!

என்ன செய்தார் தெரியுமா? "இதை நான் இன்னும் சோதிக்கவில்லையே!" என்ற நினைப்பு வந்தது. மிளகாயை எடுத்துக்கொண்டு சோதனைச்சாலைக்குப் போய்விட்டார். நள்ளிரவுக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த மிளகாயில் வைட்டமின் 'சி' குவிந்து கிடந்தது!

அவர்தான் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி. ஹங்கேரி நாட்டில், செகெட் நகரப் பேராசிரியர். 1937-ல் நோபல் பரிசு பெற்றவர். இந்தக் கதையைச் சொன்னவரும் அவரே. (மிளகாய் என்றதும் கண்ணில் நீர் வர வேண்டாம். அது குடமிளகாய் இனம்.)

ஆஸ்திரியா நாட்டில் ஓர் ஆராய்ச்சியாளருக்கு ரத்தக் கசிவு நோய். வைட்டமின் 'சி' கேட்டு எழுதினார். சுத்தமான சரக்கு போதிய அளவு இல்லை. மிளகாயில் இருந்து எடுத்த சத்தை அனுப்பினார், சென்ட் ஜியார்ஜி. நோய் குணமாயிற்று!

பிறகு, அதே போன்ற நோய்க்குச் சுத்தமான வைட்டமின் 'சி' கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. அப்படியானால் குணப்படுத்தியது எது?

மிளகாயில் உள்ள இன்னொரு பொருள், 'பிளேவனாய்டு' என்று அவர் கருதினார். காய், கனி, இலை, பூ எல்லாவற்றிலும் அது உண்டு. பூவுக்கு நிறம் தருவதும், கடும் வெயிலில் இலைக்குக் குடை பிடிப்பதும் அதன் வேலை.

1936-ல் அதற்கு 'வைட்டமின் பி' என்று பெயர் வைத்தார்கள். நாம் அறிந்த 'பி' அல்ல. இது ஆங்கிலத்தின் 16-வது எழுத்து. மெல்லிய ரத்தக் குழாய்களை அது பலப்படுத்தும் என்றார்கள். ஆனால் மறுபடி சோதித்தபோது அதை நிரூபிக்க முடியவில்லை. பிளேவனாய்டு இல்லாததால் வரும் நோய் என்று எதுவும் அகப்படவில்லை. 1950-ல் அமெரிக்க நிபுணர்கள் அந்தப் பெயரையே கைவிடச் சொன்னார்கள்.

இப்போது அதற்கு வேறு புகழ். இரும்பு துருப்பிடிப்பது போல் உடம்பின் அணுக்களும் பழுதாகின்றன. பிளேவனாய்டு அதைத் தடுக்கும் என்கிறார்கள். சோதனைக் குழாயில் தடுப்பது உண்மை. ஆனால் சாப்பிட்டால், ரத்தத்தில் சேருவது கொஞ்சம். அதுவும் குடலிலும் ஈரலிலும் உருமாறிவிடுகிறது.

அமெரிக்காவில் 21 ஆயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் கோகோவின் பிளேவனாய்டு மாத்திரை. மறு பாதிக்கு வெறும் மாத்திரை. 2022-ல் முடிவு வந்தது. இதய நோயால் இறந்தவர்கள் குறைவுதான். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. விலை கொடுத்து மாத்திரைப் புட்டி வாங்குகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளலாம்.

புட்டி எதற்கு? அடுப்பங்கரையில் வெங்காயம் இருக்கிறதே! வெள்ளை வெங்காயத்தைவிடச் சிவப்பு வெங்காயத்தில் பிளேவனாய்டு அதிகம். உள்ளே உள்ளதைவிட வெளி இதழில் அதிகம். நாம் சருகோடு சேர்த்து உரித்து எறிகிறோமே, அந்த இதழில்! வேகும்போது கொஞ்சம் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் என்ன? சாம்பார் தண்ணீரை யாரும் வடித்துக் கொட்டுவதில்லையே!