மண்பானையில் பாம்பு, மனித உயிர் காக்கும் மருந்து

ஊரப்பாக்கத்திலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரம் நோக்கிச் சென்றால் வடநெம்மேலி வரும். அங்குள்ள முதலைப் பண்ணை வளாகத்தில், 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. வயல்வெளிகளில் அனுமதியுடன் பிடிக்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை இங்கு மண்பானைகளில் வைத்துப் பராமரிக்கின்றனர்.

பானைக்குள் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டுகின்றனர். பானை சூடேறாது, துணி வழியே காற்று போகும், உள்ளே இருட்டு. வளை போல இருப்பதால் பாம்பு மிரளாமல் அடங்கிக் கிடக்கும். சில வாரங்களில் விஷம் எடுத்து முடித்ததும், வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அடையாளத்தைப் பார்த்தால், அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள்.

இந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. வயலில் கடிபட்ட விவசாயியைக் காப்பாற்றுவது இந்த மருந்துதான்.

எனவே, எலியைத் தின்னும் பாம்பை அடிக்க வேண்டாம். அனுமதியின்றிப் பிடித்து வைப்பதும் குற்றம். கடித்துவிட்டால் இறுகக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.