வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் 18 அகவை நிறைந்த குடிமக்கள் வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் எனப்படுவர். மொத்த மக்கள்தொகையில் இவர்களது பங்கு கவுண்டிக்குக் கவுண்டி பெரிதும் வேறுபடுகின்றது. ஓய்வுபெற்றோர் திரளாகக் குடியேறியுள்ள புளோரிடாவின் சம்டர் கவுண்டியில் சிறுவர் மிகக் குறைவு. எனவே பங்கு மிக உயர்வு. அதே மாநிலத்து மயாமி-டேட் கவுண்டி மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களுள் குடியுரிமை பெறாதோர் பலர் என்பதால் பங்கு குறைகின்றது. யூட்டா மாநிலத்தின் யூட்டா கவுண்டியிலோ குறைவுக்கு முதன்மைக் காரணம் குழந்தைகளே. ஆகவே குறைந்த பங்குக்குக் குடியேற்றத்தை மட்டும் காரணமாகக் கொள்ளுதல் பிழையாகும்.

மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளை மொத்த மக்கள்தொகை கொண்டு வகுத்தால், பங்கு குறைந்த தொகுதியில் ஒரு வாக்கின் மதிப்புக் கூடும். டெக்சாசில் இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஈவன்வெல் எதிர் அபாட் வழக்கில், அவ்வாறு வகுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2016 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வாக்குரிமையுள்ளோரை மட்டும் கணக்கிட்டு வகுக்கலாமா என்னும் வினாவுக்கு அத்தீர்ப்பு விடையளிக்கவில்லை.