துணியில் திரும்பி வரும் முன்னோர்

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, பெனின் ஆகிய நாடுகளில் யோருபா மக்கள் வாழ்கின்றனர். இறந்தவர் தம் குடும்பத்தை விட்டு முற்றிலும் அகன்றுவிடுவதில்லை என்பது இவர்களின் மரபுவழி நம்பிக்கை. வேறோர் உலகில் இருக்கும் மூதாதையர் தம் வழித்தோன்றல்களைக் காப்பர். உரிய காலத்தில் ஊருக்குள் வந்து, ஆடி, வாழ்த்திச் செல்வர். இவ்வாறு வரும் முன்னோருக்கும், அவர்தம் பெயரால் நிகழும் ஆட்டத்திற்கும் எகுங்குன் என்பது பெயர்.

உடலை மறைக்கும் ஆடை

நடன ஆடைகள் பல, ஆடுபவரின் தோற்றத்தை எடுத்துக்காட்டுவன. எகுங்குன் ஆடையோ அவரை முழுவதும் மறைத்துவிடுகிறது. தலை, கைகள், பாதங்கள் ஆகிய அனைத்தும் துணிக்குள் அடங்கிவிடும். முகத்திற்கு நேரே ஒரு வலை இருக்கும். உள்ளிருப்பவர் அதன் வழியாக வெளியே பார்க்கலாம். வெளியிலிருப்போர் அவர் முகத்தைக் காண இயலாது. ஆடுபவர் அக்குடும்பத்தைச் சேர்ந்தவராகவே இருக்கலாம். ஆயினும், ஆடையை அணிந்தபின் அவர் தனிமனிதர் அல்லர், முன்னோராகவே மதிக்கப்படுகிறார். ஆடையே முன்னோரின் உடலாகிவிடுகிறது.

அடுக்கடுக்காய் ஒரு வரலாறு

இவ்வாடையின் உள்ளடுக்கு பெரும்பாலும் நீலமும் வெள்ளையும் கோடிட்ட கைத்தறித் துணியால் ஆனது. குறுகிய பட்டைகளாக நெய்து, அவற்றை இணைத்துத் தைப்பர். இறந்தவரைப் போர்த்தி அடக்கம் செய்யும் துணியை அது நினைவூட்டும். அதற்கு மேல் பட்டு, வெல்வெட், பருத்தி முதலிய பலவகைத் துணிப்பட்டைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். அவற்றின் ஓரங்களில் இரம்பப் பல் போன்ற முக்கோணங்களைத் தைப்பதுண்டு. சிவப்பு நிறமுடைய அவ்வோரம் தீமையைத் தடுக்கும் காப்பாகக் கருதப்படுகிறது.

விலையுயர்ந்த துணிகளைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் செல்வநிலையைக் காட்டும். முன்னோரைச் சிறப்பிக்கும் கடமையும் அதில் அடங்கியுள்ளது. விழாக்காலம் வரும்போது பழைய பட்டைகளைக் களையாமல், அவற்றின்மேல் புதியவற்றைச் சேர்ப்பர். ஆதலால் பாட்டனார் அளித்த துணி உள்ளேயும், பெயரன் அளித்த துணி மேலேயும் அமைகின்றன. ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகள் ஒரே ஆடையில் ஒன்று சேர்கின்றன.

காற்றாய் வரும் வாழ்த்து

முரசுகள் முழங்க, பெண்கள் அக்குலத்தின் புகழைப் பாட, எகுங்குன் சுழன்று ஆடத் தொடங்கும். சுழற்சி விரைவடையும்போது, தொங்கிய பட்டைகள் நாற்புறமும் விரிந்து பறக்கும். அதுவரை மறைந்திருந்த உள்ளடுக்குகளும் ஒரு கணம் வெளிப்படும். அப்போது எழும் காற்று மக்கள்மீது படுவதை முன்னோரின் வாழ்த்தாகக் கொள்வர். ஆனால் அத்துணியைத் தொடுதல் கூடாது. கோல் ஏந்திய துணைவர்கள் கூட்டத்தினரை விலக்கி நிறுத்துவர். வாழ்த்து அருகில் வர வேண்டும்; இறந்தோருக்கும் வாழ்வோருக்கும் இடையிலுள்ள எல்லையும் காக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் அந்தச் சிறு இடைவெளியில் நிறைவேறுகின்றன.

ஆட்டம் இல்லாத ஆடை

அமெரிக்காவின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் எகுங்குன் ஆடை ஒன்று உள்ளது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய மூன்று கண்டங்களின் 300-க்கும் மேற்பட்ட துணிகள் அதில் இடம்பெற்றுள்ளன. காண்போர் அதன் வண்ணங்களையும் தையலையும் வியக்கலாம். எனினும் அங்கு அது சுழல்வதில்லை. அதிலிருந்து காற்று எழுவதில்லை. உரிய குடும்பத்தார் புதிய துணியைச் சேர்ப்பதும் இல்லை.

இன்று யோருபா மக்களுள் பெரும்பாலோர் கிறித்தவராகவோ இசுலாமியராகவோ உள்ளனர். ஆயினும் பல ஊர்களில் எகுங்குன் விழா தொடர்ந்து நடைபெறுகிறது. அங்கே அவ்வாடை இன்னும் முடிவடையவில்லை. அடுத்த தலைமுறையின் துணிக்கு அதில் இடம் இருக்கிறது.