சட்டை நுனியால துடைக்காதீங்க!

ஒர்க்‌ஷாப் அலமாரியில இருக்கிற பழைய சேஃப்டி காகிள்ஸ் ஒண்ணை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரியும். அதைப் போட்டுக்கிட்டு கிரைண்டிங் வீல் முன்னாடி நின்னா ஜாப்பே மங்கலாத்தான் தெரியும். உடனே காகிள்ஸை நெத்திக்கு ஏத்திட்டு வேலையைப் பார்ப்போம். ஆபத்தே அங்கதான்.

இந்தக் கீறல்களில் பெரும்பாலானவை நாம துடைக்கிறதால வர்றவை. லென்ஸ் பாலிகார்பனேட். இ.என். 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் ‘எஃப்’ குறியீடு வாங்கிய லென்ஸ், நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 6 மி.மீ. எஃகு குண்டையே தாங்கும். ஆனா மேற்பரப்பு மென்மையானது. மேலே இருக்கிற காப்புப் பூச்சும் ரொம்ப மெல்லிசு. கிரைண்டிங் வீலில் இருக்கிற அலுமினியம் ஆக்சைடோ மோஸ் அளவில் 9. அந்தத் தூள் படிஞ்ச லென்ஸை உலர்ந்த துணியால தேய்ச்சா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான். காட்டன் வேஸ்ட் இன்னும் மோசம். அதுல ஏற்கெனவே யாரோ லேத்தைத் துடைச்சிருப்பாங்க!

அதனால முதல்ல தண்ணீர். குழாயடியில் காட்டித் தூளை அடிச்சுப் போக விடுங்க. பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், விரல் நுனியால மெதுவா. நல்லா அலசி, உதறி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. பவர் கண்ணாடி வாங்கும்போது கொடுக்கிற துணியே போதும். உள்பக்கம் பனி படியாத பூச்சு இருந்தா துணியே வேண்டாம், தானா காயட்டும்.

பெயின்ட் கறை போகணும்னு தின்னரோ அசிட்டோனோ தொடவே கூடாது. பாலிகார்பனேட் வெளுத்து, மயிரிழை விரிசல் விடும். அதுக்கப்புறம் அடி தாங்காது. கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீங்க. மிச்சமிருக்கிற பூச்சும் போயிடும்.

கழற்றி வைக்கும்போது லென்ஸ் மேல்நோக்கி இருக்கட்டும். ட்ரில் பிட் கிடக்கிற டிராயர்ல போட வேண்டாம். துவைச்ச பழைய சாக்ஸ் ஒண்ணு போதும், அருமையான உறை (துவைச்சதுன்னு சொன்னதைக் கவனிங்க).

பார்வைக்கு நேரா கீறல் விழுந்தாலோ, ஆழமான வெட்டோ விரிசலோ இருந்தாலோ மாத்திடுங்க. புதுசு வாங்கும்போது லென்ஸ் ஓரத்துல ‘கே’, ‘என்’ எழுத்துகள் இருக்கான்னு பாருங்க. இ.என். 166 குறியீட்டில் முதலாவது நுண்துகள் கீறலைத் தாங்கும்னு சொல்லுது, இரண்டாவது பனி படியாதுன்னு சொல்லுது.