காணி உறுதிக்குள் ஓர் உம்மும்மா

 

"எங்கள் மூதாதையர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள்" என்று சொல்லிக்கொள்வதில் நம்மவர்களுக்குத் தனிப் பிரியம். உங்கள் உம்மும்மாவின் உம்மா பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், சபை மௌனமாகிவிடும்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கும் கடல் வணிகர்களுக்கும் உள்ள தொடர்பு பழையதுதான். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி உடையவருக்கு. வணிகச் சரக்கானால் சரிபாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. ஆனால் அந்தக் குதிரை வணிகரிலிருந்து உங்கள் வீடு வரைக்கும் கோடு போட நம்மிடம் ஏடு இல்லை. மண்ணைக் கொத்தித் தோட்டம் செய்தவருக்குத்தான் ஏடு இருக்கிறது.

புத்தளத்தில் வாழும் ஒரு தாய் அப்படியோர் ஏட்டைக் கொண்டு வந்தார். பிஸ்கற் தகரத்துக்குள் நாலாய் மடித்த பழுப்புக் காகிதம். "எங்கட வாப்பாட ஊர் இதில இருக்கெண்டு சொல்லுவாங்க மௌலவி. நாங்க ஆரெண்டு மகன் கேக்கிறான். வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள் அல்லவா? 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரைவிட்டு நடந்தவர்களில் இவரது உம்மாவும் ஒருவர். உடுத்த உடுப்போடு தப்பிவந்த காகிதம் அது. நகரத்தில் கடை வைத்திருந்த குடும்பம் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

விரித்துப் பார்த்தால், வேலணைப் பக்கத்துத் தோட்டக் காணி, 6 பரப்பு. (18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர்.) அதோடு பங்குக் கிணற்றில் உரித்து. தீவில் அது சின்ன விஷயமில்லை. பல இடங்களில் கிணறு உவர். நல்ல தண்ணீர் உள்ள துண்டில்தான் புகையிலைக் கன்று நிற்கும். கடை வருவதற்கு முன் இவர்கள் துலா மிதித்து நீரிறைத்த குடும்பம்.

சகோதரிகளே, உறுதியை வாசிக்கும்போது தொகையைப் பார்த்துவிட்டு மடித்துவைக்காதீர்கள். நாலு எல்லையையும் வாசியுங்கள். கிழக்கில் யார், வடக்கில் யார் என்று பெயரோடு எழுதியிருக்கும். முதுசக் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால் எல்லைக்காரர் பெரும்பாலும் கூடப்பிறந்தவர்களே. காணி எந்த உறுதியால் வந்தது என்பதும் அதிலேயே இருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்து ஒரு தலைமுறை மேலே ஏறலாம். கையிலுள்ளது தொலைந்தாலும் நொத்தாரிசு அனுப்பிய பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். இன்னும் மேலே போனால் ஒல்லாந்தர் எழுதிய தோம்பு. அவர்கள் காலத்து ஆவணங்களில் வேலணை, ஊர்காவற்றுறைத் தீவுக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் பெயர். தெரியாதவர் ஏதோ வெளிநாடு என்று தள்ளிவிடுவார்கள்.

அந்தத் தாயின் காகிதத்துக்கு வருகிறேன். அது சீதன உறுதி. காணி வாப்பாவின் பெயரில் இல்லை, வாப்பாவின் உம்மா பெயரில் இருந்தது. வடக்கு எல்லையில் இன்னொரு பெண் பெயர், தகப்பன் பெயர் ஒன்றே. "அது வாப்பும்மாட தங்கச்சி. பெருநாளைக்குப் பனங்கட்டி அனுப்புவாங்களாம்" என்றார், கண் கலங்கி.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் வாப்பாவுக்குச் சகோதரிகள் உண்டா?" இரண்டு பேர். ஒரு மாமி மௌத், அவரது மக்கள் மன்னாரில். மற்றவர் எங்கே என்றே தெரியாது. அப்படியானால் வாப்பும்மாவின் காணி வாப்பாவுக்கு மட்டும் சேராதே! 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படியும் பெண்மக்களுக்குப் பங்கு உண்டு. உறவைச் சேர்ந்து நடக்கும் அளவுக்கு வம்சத்தை அறிந்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது திர்மிதீயில் வருகிறது. வேரைத் தேடிப் போகிறவர், அந்த வேரில் இன்னும் யார் யார் தொங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் தகரத்தை மூடிவிடுகிறார்கள்.

காணி இப்போது யார் கையில் என்பது வேறு வழக்கு. பத்து வருட ஆட்சியால் உரிமை கோரும் சட்டம் உண்டு. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் வந்த விசேட சட்டம் இரண்டு வருடத்துக்கே. சட்டத்தரணியிடம் கேட்காமல் வேலியில் கை வைக்க வேண்டாம் என்றேன். அங்கே குந்தியிருப்பவரும் அகதியாக வந்தவராக இருக்கலாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காகிதத்தை என்னிடமே தள்ளினார். "மௌலவி, இதை மூணு போட்டோ பிரதி எடுக்க வேணும். ஒண்டு மன்னாருக்கு. மற்ற மாமிட விலாசத்தை எங்க விசாரிக்கலாம்?"