கைகோத்து நிற்கும் உயிரணுக்கள்

பர்மாவில் டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சல் முதன்முதலாகப் பெரிய அளவில் பரவியது 1970-இல், யாங்கூன் நகரில். நம் தாத்தாக்கள் பிழைக்கப் போன ரங்கூன்தான் அது. அதன்பின் மழைக்காலம் வந்தாலே அங்கே பெற்றோருக்குக் கவலையும் கூடவே வரும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. 1984 முதல் 1988 வரை யாங்கூனில் நடந்த ஆய்வு ஒன்று முக்கியமானது. ஒரு வகையால் முன்பே பாதிக்கப்பட்ட குழந்தையை இன்னொரு வகை தாக்கும்போது, இரத்த அழுத்தம் சரிந்து 'ஷாக்' நிலைக்குப் போகும் அபாயம் பல மடங்கு கூடுகிறது என்பதை அது காட்டியது.

இந்த ஷாக் எப்படி வருகிறது? இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா, நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்குகிறது. குழாய்க்குள் இரத்தத்தின் அளவு குறைகிறது. இதயத்துக்குத் தள்ளுவதற்குப் போதிய சரக்கில்லை.

இங்கே ஒரு புதிர். இறந்துபோன குழந்தைகளின் இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுவர்களில் பெரிய சேதம் எதுவும் தென்படவில்லை. பிழைத்தவர்களுக்கோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கசிவு தானாகவே நின்றுவிடுகிறது. இடிந்த சுவரை இரண்டு நாளில் கட்டி முடிக்க முடியாது. அப்படியானால் சுவர் இடியவில்லை. கதவுகள்தான் திறந்து மூடுகின்றன. அந்தக் கதவு எது?

நுண்குழாயின் உட்சுவர் ஒரே ஓர் உயிரணுவின் கனம்தான். தரையில் ஓடு பதித்தாற்போல உயிரணுக்கள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. ஆனால் இடையில் சிமெண்ட் கிடையாது. ஒவ்வோர் உயிரணுவும் கேடெரின் என்ற புரதத்தைக் கையாக நீட்டி, அடுத்ததன் கேடெரினைப் பற்றிக்கொள்கிறது. இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். கால்சியம் இல்லாவிட்டால் பிடி நழுவிவிடும். கால்சியத்தைச் சார்ந்த இந்தப் பிடிப்பைக் கண்டறிந்து, 1980-களில் இப்புரதத்துக்குப் பெயரும் வைத்தவர் ஜப்பானின் மசதோஷி தகேய்ச்சி.

கை பற்றினால் மட்டும் போதுமா? தோளில் வலு வேண்டாமா? அந்தத் தோள்தான் உயிரணுச் சட்டகம். கேடெரினின் வால் உயிரணுவுக்குள் நீண்டிருக்கிறது. அதில் பீட்டா-கேட்டெனின், அதனோடு ஆல்ஃபா-கேட்டெனின், அதற்கப்பால் ஆக்டின் இழைகள். ஆக்டின் இழையின் தடிமன் 7 நானோமீட்டர்தான். இழுவிசை கூடும்போது ஆல்ஃபா-கேட்டெனின் சற்றே விரிந்து, அதுவரை மறைந்திருந்த ஓரிடத்தைக் காட்டுகிறது. வின்குலின் என்ற இன்னொரு புரதம் அங்கே வந்து ஒட்டி, மேலும் ஆக்டினைச் சேர்த்துக் கட்டுகிறது. பொறியியல் படித்த எனக்கு இந்த இடம்தான் பெரும் வியப்பு. நாம் பற்றவைக்கும் இணைப்பு சுமை ஏற ஏறச் சோர்ந்து போகும். இதுவோ சுமை ஏற ஏறப் பலப்படுகிறது.

ஆக்டினுக்கு இரண்டு முகங்கள். உயிரணுவின் விளிம்பை ஒட்டி வளையம்போல் அமைந்தால், அது பிடியைக் காக்கிறது. உயிரணுவின் குறுக்கே தடித்த கயிறுகளாகத் திரண்டு, மயோசின் புரதம் அவற்றை இழுத்தால், உயிரணு சுருங்குகிறது. விளிம்பில் இடைவெளி விழுகிறது. பூட்டுவதும் திறப்பதும் ஒரே புரதம்தான். இது குறையல்ல. காயம்பட்ட இடத்துக்கு வெள்ளையணுக்கள் போய்ச்சேர இந்த வழி வேண்டும். டெங்குவில் ஓரிடத்துக்கான உத்தரவு ஊர் முழுக்கப் போய்விடுகிறது, அவ்வளவே.

உத்தரவு கொடுப்பது யார்? கிளர்ந்தெழும் நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் பொருட்கள் ஒரு பக்கம். வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதமும் இதில் கூட்டு என்று 2015-இல் கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரு குழுக்கள் காட்டின. ஆய்வகத்தில் குழாய்ச்சுவர் உயிரணுக்களை ஒரே அடுக்காக வளர்த்து, அதன் மின்தடையை அளப்பார்கள். பிடி தளர்ந்தால் தடை இறங்கும். வைரஸே இல்லாமல், என்.எஸ்.1 மட்டும் சேர்த்தபோதும் சில மணி நேரத்தில் தடை இறங்கியது. பிறகு மீண்டும் ஏறியது. உயிரணுக்கள் சாகவில்லை, கையை விட்டு, மறுபடி பற்றின.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. "ஜுரம் விட்டுடுச்சு" என்று நிம்மதிப்படும் வேளையே ஆபத்தான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு, சில்லிட்ட கைகால் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரூஃபெனும் கூடாது.

நம்மவர்கள் தட்டணு எண்ணிக்கையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கசிவைக் காட்டுவது ஹீமட்டோகிரிட் என்ற இன்னோர் எண். நீர் வெளியேற வெளியேற இரத்தம் கெட்டிப்பட்டு அது ஏறும். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் திரவம் ஏற்றுகிறார். குறைத்தால் ஷாக். கூட்டினால், கதவுகள் மூடியபின் கசிந்த நீரும் குழாய்க்குத் திரும்பிவந்து நுரையீரல் திணறும்.

அந்தக் கதவைப் பூட்டும் மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. உயிரணுக்கள் மீண்டும் கைகோக்கும்வரை, அந்த இரண்டு நாளைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. யாங்கூனிலும் சென்னையிலும் குழந்தைகள் பிழைப்பது அப்படித்தான்.