உங்களுக்குத் தெரியுமா? – பல்லைத் தேய்க்கும் பிரஷ்ஷை யார் தேய்ப்பது?

● வேப்பங்குச்சியில் பல் துலக்கியவர்களுக்குக் குச்சியைச் சுத்தம் செய்கிற வேலையே இருந்ததில்லை. ஒடித்தார்கள், நுனியை மென்றார்கள், தேய்த்தார்கள், அதே குச்சியை இரண்டாகக் கீறி நாக்கை வழித்தார்கள், வேலியோரம் வீசிவிட்டுப் போனார்கள். மறுநாள் வேறு குச்சி. ஒரே பொருளை மூன்று நான்கு மாதம் வாய்க்குள் விட்டு எடுப்பதும், மிச்ச நேரத்தில் அதை எங்கே வைப்பது என்று யோசிப்பதும் பிரஷ்ஷோடு வந்த கவலைகள்.

● நைலான் என்றால் நமக்குச் சேலையும் கயிறும் நினைவுக்கு வரும். அந்த இழையில் முதன்முதலில் கடைக்கு வந்த சரக்கோ பல் பிரஷ். 1938 பிப்ரவரியில் அமெரிக்காவில், டூபான்ட் நிறுவனத்தின் நைலான் இழையைப் பொருத்தி ‘டாக்டர் வெஸ்ட்ஸ் மிராக்கிள் டஃப்ட்’ என்ற பெயரில் விற்றார்கள். நைலான் காலுறை அந்நாடு முழுக்கக் கடைகளுக்கு வந்ததே 1940-ல்தான். நைலான் வரும்வரை பிரஷ்ஷில் இருந்தது பன்றி முடி. சீனா, சைபீரியா பக்கத்துக் குளிர்தேசப் பன்றிகளின் முடி முரடாக இருக்கும் என்பதால் அதற்குத்தான் கிராக்கி. ஆனால் சீக்கிரம் காயாது; உதிர்ந்து வாயிலும் மாட்டும்.

● ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்தவர் ஆன்டனி வான் லீவன்ஹூக். தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியே, தன் பல்லிடுக்கில் சுரண்டிய வெள்ளை அழுக்கைப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைக் கடிதமாக எழுதினார். இத்தனைக்கும் மனிதர் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர், பல் குத்துபவர், துணியால் துடைப்பவர். அவர் வாயிலேயே அவ்வளவு கூட்டம்! தன் நாட்டு ஜனத்தொகையை விடத் தன் வாயில் குடியிருப்பவை அதிகம் என்று வியந்தார். பிறகு ஆயுசுக்கும் பல்லே துலக்காத ஒரு கிழவரைத் தேடிப் பிடித்து, அவர் பல்லையும் சுரண்டிப் பார்த்தார். அங்கே கண்டதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

● டாய்லெட்டில் ஃபிளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் மேலே எழும்பி, பாத்ரூம் முழுக்கப் பரவி மெல்லப் படிகின்றன. சார்லஸ் கெர்பா என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் சகாக்களும் 1975-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிரஷ்ஷைப் பற்றிய பயம் பெருமளவு அங்கிருந்து கிளம்பியதுதான். “மூடியைக் கவிழ்த்துவிட்டு ஃபிளஷ் செய்யுங்கள், போதும்” என்று பல வருஷம் சொல்லி வந்தார்கள். 2024-ல் அதே கெர்பா குழு வைரஸை வைத்துச் சோதித்தபோது, மூடினாலும் மூடாவிட்டாலும் சுற்றுப்புறத்தில் படிவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மூடிக்கும் பீங்கானுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி போதுமாம். நம்மூர் இந்தியன் டாய்லெட்டுக்கு மூடியே கிடையாது என்பதால் இந்த விவாதமே நமக்குத் தேவையில்லை. நமக்கு உதவுவது தூரம் ஒன்றுதான். பிரஷ் ஸ்டாண்டை பாத்ரூமுக்கு வெளியே வாஷ்பேசின் பக்கம் மாற்றுங்கள். அட்டாச்டு பாத்ரூம் மட்டுமே இருக்கிற வீடு என்றால் டாய்லெட்டுக்கு எதிர்மூலையில், உயரத்தில், முடிந்தால் ஜன்னலோரம்.

● அப்படியானால் நம் பிரஷ் முழுக்க டாய்லெட் கிருமிதானா? இல்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஜனங்கள் தபாலில் அனுப்பி வைத்த பழைய பிரஷ்களைச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் இருந்தவை பெரும்பாலும் வாயிலும் தோலிலும் வசிக்கும் பாக்டீரியாக்கள். குடல் சமாச்சாரம் அல்ல. 2024-ல் அதே குழு ஷவர் குழாய்களிலும் பிரஷ்களிலும் 600-க்கும் மேற்பட்ட வைரஸ்களைக் கண்டது. தலைப்பைப் பார்த்து அலறியவர்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள், மனிதரை அல்ல. உங்கள் பிரஷ்ஷில் இருப்பது பெரும்பாலும் நீங்கள்தான்.

● கிருமி எங்கிருந்து வந்தாலும் அது தழைக்க வேண்டியது ஈரம். உங்கள் வீட்டு பிரஷ் ஸ்டாண்டை ஒருமுறை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையும் சாம்பலுமாக வழுவழுவென்று ஒரு படிவு. அதில் ஒரு கொசுவும் செத்துக் கிடக்கலாம். மேலிருந்து வடிந்த பேஸ்ட்டும் எச்சிலும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு அது. பிரஷ்ஷைத் தினமும் கழுவுகிறவர்கள்கூட ஸ்டாண்டைக் கழுவுவதில்லை. வாரம் ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். அடியில் ஓட்டை உள்ள ஸ்டாண்டாக இருந்தால் இந்தக் குழம்பு சேரவே சேராது.

● பிரஷ்ஷைக் கழுவுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓடும் குழாயடியில் பிடித்து, கட்டை விரலால் முடிகளை முன்னும் பின்னும் நீவி, அடியில் சிக்கிய பேஸ்ட்டும் உணவுத் துணுக்கும் போகும்வரை அலச வேண்டும். குழாயின் விளிம்பில் தட்டாமல் கையை உதறி நீரை வடிக்கலாம். பிறகு தலை மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். ஒரே டம்ளரில் ஐந்து பிரஷ் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்பது நம் கூட்டுக்குடும்பப் பாசத்துக்குப் பொருத்தமான காட்சி, பல்லுக்கு அல்ல.

● பிரஷ்ஷுக்கு மூடி போடாதீர்கள் என்கிறது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம். காரணம், மூடிக்குள் ஈரம் காயாது. அவர்கள் கணக்கில் வராத ஒரு ஜீவன் நம் வீடுகளில் உண்டு: கரப்பான்பூச்சி. பேஸ்ட்டின் இனிப்பு அதற்கு மிகப் பிடிக்கும். ராத்திரி விளக்கணைந்ததும் அது எங்கே மேய்கிறது என்று எண்ணிப் பார்க்காதிருப்பதே நிம்மதி. பல்லியும் அந்தப் பக்கம் வரும். ஆகவே கரப்பான் நடமாட்டம் உள்ள வீட்டில், காற்றோட்டத் துளைகள் உள்ள மூடியைப் போடலாம் என்பது என் கட்சி. பிரஷ் காய்ந்த பிறகு போட்டால் இன்னும் நல்லது. காலையில் வாயில் வைக்கும் முன் ஒரு அலசு. பயணத்துக்கு வாங்கும் துளையில்லாத டப்பா பயணத்தோடு சரி.

● கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கிருமி சாகும். கூடவே நைலான் முடியும் வளைந்து போகும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். தரை துடைக்கிற, காயத்துக்குப் போடுகிற கிருமிநாசினியில் ஊற வைப்பவர்களும் இருக்கிறார்கள். வாய்க்குள் போகிற பொருள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் காற்றும் போதும். கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்டு, மவுத்வாஷில் நனைப்பதா, பிரஷ்ஷை அடிக்கடி மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

● காய்ச்சல், தொண்டைப் புண் விட்டதும் பிரஷ்ஷைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் இதைச் சோதித்தார்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்த பிள்ளைகள், வராத பிள்ளைகள் இரு தரப்பின் பிரஷ்களையும் எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்த்தபோது, அந்தக் கிருமி ஒரே ஒரு பிரஷ்ஷில் கிடைத்தது. அதுவும் அந்தத் தொற்று வராத பிள்ளையின் பிரஷ்! 2013-ல் இந்த முடிவைச் சொன்னார்கள். பிரஷ் விலை சில்லறைதான், மாற்றினால் குற்றமில்லை. மாற்றாவிட்டாலும் பயப்பட வேண்டாம்.

● பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. “இவருடையதுதானே” என்று அடுத்தவர் பிரஷ்ஷை எடுப்பது. ஈறில் ரத்தம் கசிவது பலருக்குத் தெரிவதே இல்லை. ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. கணவன் மனைவிக்குள்கூட இந்தப் பகிர்வு வேண்டாம். பிள்ளைகள் பிரஷ்ஷுக்கு ஆளுக்கொரு நிறம் வாங்குவது அழகுக்காக மட்டும் இல்லை.

● பல் துலக்கும் முறைகளில் பேர் போனதை வகுத்தவர் பல் மருத்துவர் அல்ல, மலேரியா டாக்டர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்த சார்லஸ் பாஸ், மலேரியாக் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு மைக்ராஸ்கோப்பைப் பல்லின் பக்கம் திருப்பினார். பிரஷ்ஷை ஈறும் பல்லும் சந்திக்கும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, முன்னும் பின்னும் சிறிதாக அசைக்கச் சொன்னார். மென்மையான, நுனி உருட்டிய, சுமார் 0.18 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் முடிதான் சரி என்றும் எழுதினார். நம்மில் பலர் இன்னும் துணிக்குச் சோப்பு போடுகிற மாதிரி குறுக்கே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

● அதே நியூ ஆர்லியன்ஸின் பல் மருத்துவர் என்று அறியப்படும் லெவி ஸ்பியர் பார்ம்லி, 1819-ல் எழுதிய நூலில், பட்டு நூலைப் பல்லிடுக்கில் விட்டு இழுக்கச் சொன்னார். பிரஷ் எட்டாத இடம் அது. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வளையலில் மாட்டிய ஊக்கையும் விளக்குமாற்றுக் குச்சியையும் எடுப்பவர்கள், மெடிக்கல் ஷாப்பில் டென்டல் ஃபிளாஸ் என்று கேட்டால் அந்த நூல் கிடைக்கும். ஊக்கு ஈறைக் குத்திக் கிழிக்கும்.

● கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை இப்போதே நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது காரை. நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியம் பல்லின் மேல் ஒட்டிய படிவில் இறங்கி அதைக் கல்லாக்கிவிடுகிறது. அப்புறம் எந்த பிரஷ்ஷாலும் ஆகாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

● மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு பிரஷ் என்பது பொதுக் கணக்கு. ஒரே மாதத்தில் முடி நாலாபக்கமும் விரிந்துவிட்டால் குற்றவாளி பிரஷ் அல்ல, உங்கள் கை.

● விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் அலை போலப் படுத்திருக்குமே பேஸ்ட், அந்த வடிவத்துக்காக 2010-ல் கோல்கேட்டும் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைனும் அமெரிக்க நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. உண்மையில் தேவை அதில் கால்வாசிகூட இல்லை. மூன்று வயது வரை அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. பெரியவர்களுக்கும் பட்டாணி போதும்.

● டியூபின் அடியில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் “இது கெமிக்கல், இது இயற்கை” என்று காட்டுவதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சுத்தக் கட்டுக்கதை. டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்று இயந்திரத்தின் சென்சாருக்குக் காட்டும் அடையாளம் அது.

● தேய்த்து முடித்ததும் நான்கு மக் தண்ணீர் கொப்பளிப்பது நம் வழக்கம். பேஸ்ட்டில் உள்ள, பல்லைக் காக்கும் ஃபுளோரைடும் அதோடு போய்விடும். நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடச் சொல்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. காலைக் காபிக்கு முன்னால் நம்மால் முடியாது, நியாயம்தான். ராத்திரியாவது முயலலாம். ராத்திரித் துலக்கல்தான் முக்கியம். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுவதால், பல்லில் ஒட்டியதைக் கழுவ ஆளில்லை.

● பல்லைக் காக்கவென்றே அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரம் 1945-ல் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்தது. தருமபுரி, கிருஷ்ணகிரியிலோ நிலத்தடி நீரில் அது தேவைக்கு மேல் இருந்து பல்லைக் கறையாக்கியது. அந்த மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொண்டுவர ஜப்பானியக் கடனுதவியோடு உருவானதுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் குடிக்கும் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● சாம்பல், செங்கல் தூள், அடுப்புக்கரி எல்லாம் பல்லை வெளுப்பாக்கும், எனாமலைத் தேய்த்து. எனாமலில் உயிரணு இல்லை, போனது போனதுதான். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்தியா 1992-லேயே தடை செய்துவிட்டது. புகையிலையை வாயில் அடக்கினால் பல்வலி போகும் என்று இன்னும் சொல்லும் பெரியவர்களைக் கண்டால் மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

● பிரஷ், பேஸ்ட் இரண்டுக்கும் 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்” என்று தள்ளிப்போட ஒரு காரணம் குறைந்தது.

● ஓய்வு பெற்ற பிரஷ் நம் வீட்டில் சாவதில்லை. சீப்பின் அழுக்கு, மிக்ஸி பிளேடின் அடி, கொலுசு, சைக்கிள் செயின், தலைக்கு டை என்று உழைக்கும். கடைசியில் முடியெல்லாம் கொட்டி, பாவாடை நாடா கோக்கும் கோலாகும். ஆனால் அது எப்படியோ திரும்பவும் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கும். விருந்தாளியாக வந்த மாமா அதையே எடுத்து வாயில் வைப்பார். ஓய்வு கொடுத்த அன்றே அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, டூல்ஸ் டப்பாவில் போட்டுவிடுங்கள்.